பட்டியல் யார் கையில்? வழக்கறிஞர் தேடியஸ் ஸ்டீவன்ஸின் சபைக் கணக்கு

1865 டிசம்பர் 4, திங்கட்கிழமை நண்பகல். வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் புதிய கூட்டத்தொடர் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. தோற்றுப்போன தென் மாநிலங்கள் அவசர அவசரமாகத் தேர்தல் நடத்தி, வென்றவர்களைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டன. சபைக் கிளார்க் எட்வர்ட் மெக்ஃபர்சன் மாநிலவாரியாகப் பெயர்களை வாசிக்கிறார். டென்னசி வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. அந்த மாநிலத்தின் ஹோரஸ் மேனார்டு தேர்தல் சான்றிதழும் கையுமாக எழுந்து நிற்கிறார். பெயர் வாசிக்கும்போது குறுக்கே பேச இடமில்லை என்று சொல்லிவிட்டு மெக்ஃபர்சன் மேலே போகிறார். வாசித்து முடித்தபோது பதினொரு மாநிலங்கள் சபைக்கு வெளியே நின்றன.

மேனார்டு ஒன்றும் கலகக்காரர் அல்ல. போர்க்காலத்தில் ஒன்றிய அரசின், அதாவது வடக்கின், பக்கம் நின்றவர். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனும் டென்னசிக்காரர்தான். அந்த மாநிலத்துக்கே இடமில்லை என்றால் மற்ற பத்து மாநிலங்களும் எந்த வாயால் கேட்கும்? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊர் வழக்கறிஞர், 73 வயது தேடியஸ் ஸ்டீவன்ஸ். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய சுடுசொல்லையும் பொய்முடியையும் வளைந்த பாதத்தையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வேடிக்கைதான். ஆனால் அவர் சாதித்ததெல்லாம் மேடைப் பேச்சால் அல்ல. சபையில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை வாக்கு வேண்டும், எத்தனை கையில் இருக்கிறது என்று எண்ணத் தெரிந்ததால்தான். அந்தக் கணக்கை விளங்கிக்கொண்டால் அந்தக் கால அமெரிக்க அரசியலில் பாதி விளங்கிவிடும்.

முதலில் விதி. பிரதிநிதிகள் சபையின் ஆயுள் இரண்டு வருடம். அது முடிந்ததும் சபாநாயகர் பதவியும் முடிந்துவிடும். புதிய சபை கூடும்போது தலைமை தாங்க ஆள் வேண்டுமே? அந்த இடைவெளியில் பழைய சபையின் கிளார்க்தான் கூட்டத்தை நடத்துவார். வந்த சான்றிதழ்களைப் பார்த்து உறுப்பினர் பட்டியலைத் தயாரிப்பதும் அவரே. பட்டியலில் பெயர் இருப்பவர்கள் சேர்ந்து சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டியலில் இல்லாதவர் தன் தகுதியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், சபை அமைந்த பிறகு அந்தச் சபையிடம்தான் மனுப் போட வேண்டும். ஏனென்றால் தன் உறுப்பினர்களின் தேர்தல் செல்லுமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு அந்தந்த அவைக்கே கொடுத்திருக்கிறது. ஆக, முதல் நாள் முதல் மணி நேரத்தில் வெளியே நின்றவர், உள்ளே இருப்பவர்களின் தயவில்தான் நுழைய முடியும். பார்வைக்குக் கிளார்க் என்பது எழுத்து வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அதைவிடப் பெரிய பதவி அந்தக் கட்டடத்தில் கிடையாது.

மெக்ஃபர்சன் கெட்டிஸ்பர்க் ஊரில் பிறந்தவர். ஸ்டீவன்ஸ் கைதூக்கிவிட்ட ஆள். இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் திட்டத்தை ஸ்டீவன்ஸ் முடிவு செய்து வைத்திருந்தார்.

சன்னது வாங்கிய கதை

ஸ்டீவன்ஸ் பிறந்தது 1792 ஏப்ரல் 4, வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் கிராமத்தில். பிறக்கும்போதே ஒரு பாதம் உள்வளைந்திருந்தது. அப்பா செருப்புத் தைப்பவர். குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான்கு பையன்களையும் ஆளாக்கியது அம்மா சாரா. 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியாவின் யார்க் ஊருக்கு வந்து, பள்ளியில் வாத்தியாராக வேலை பார்த்தபடியே சட்டம் படித்தார்.

அப்போது சட்டம் படிப்பது என்றால் கல்லூரிக்குப் போவது அல்ல. ஊரில் பெயர்பெற்ற ஒரு வழக்கறிஞரிடம் சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் அவர் அலுவலகத்துப் புத்தகங்களைப் படித்து, பத்திரங்களைப் படியெடுத்து, நீதிமன்றத்தில் அவர் பின்னால் உட்கார்ந்து தொழிலைப் பழக வேண்டும். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் நான்கு பாக விளக்கவுரை எல்லோருக்கும் பாடப்புத்தகம். அதற்குப் பிறகு உள்ளூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்று வாய்மொழியாகக் கேள்வி கேட்கும். நீதிபதி திருப்தியானால் பிரமாணம் எடுத்துவிட்டுத் தொழில் தொடங்கலாம்.

இந்த முறையில் உள்ள ஓட்டை என்னவென்றால், நுழைவாயிலில் நிற்பவர்களே உள்ளே வருபவனோடு தொழில் போட்டியில் இருப்பவர்கள். யார்க் வழக்கறிஞர்கள் ஒரு விதி போட்டார்கள்: வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவருக்கு இங்கே இடமில்லை. வாத்தியார் ஸ்டீவன்ஸைக் குறிவைத்தே அது வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். அவர் முட்டி மோதவில்லை. குதிரையேறி எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குப் போனார். அங்கே அப்படி விதி இல்லை. தேர்வாளர்களுக்கு மதீரா ஒயின் வாங்கி வைத்த பிறகு, பிளாக்ஸ்டோன் பற்றியும் சாட்சியச் சட்டம் பற்றியும் சில கேள்விகளோடு தேர்வு முடிந்தது என்று சொல்வதுண்டு. மேரிலாந்து சன்னதைக் காட்டி பென்சில்வேனியாவில் அனுமதி வாங்கி, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். விதியை உடைக்காமல், அது எட்டாத இடத்துக்குப் போய்த் திரும்பிவந்த இந்த வித்தையைப் பின்னால் பலமுறை பார்க்கலாம்.

கெட்டிஸ்பர்க்கில் ஆரம்பத்தில் வழக்கு இல்லை. அடுத்த வருடம் ஒரு கொலை வழக்கில், குற்றவாளிக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று வாதாடினார். அந்தக் காலத்தில் அது புதிது. வழக்கில் தோற்றார், கட்சிக்காரர் தூக்கில் தொங்கினார். ஆனால் வாதத்தைக் கேட்டவர்கள் மறுநாள் முதல் அவரைத் தேடி வந்தார்கள். அதன்பின் அந்த மாவட்டத்திலிருந்து மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார். அந்த ஒன்பதில் ஒன்றுதான் அவருடைய வாழ்க்கையின் கரும்புள்ளி.

ஆறு மாதம் என்றால் எந்த ஆறு மாதம்?

கெட்டிஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்து எல்லை பத்து மைல். எல்லைக்கு அப்பால் அடிமை முறை. இப்பால், 1780ஆம் வருடத்துச் சட்டப்படி, அது படிப்படியாக ஒழிந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு: வெளிமாநிலத்து எஜமானர் தன் அடிமையை பென்சில்வேனியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த ஆள் விடுதலை.

சாரிட்டி பட்லர் என்ற பெண் மேரிலாந்தில் அடிமையாக இருந்தவர். அவரை வேலைக்கு வைத்திருந்த குடும்பம் அவ்வப்போது பென்சில்வேனியாவுக்கு அழைத்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் சில வாரம், சில மாதம். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மாதம் தாண்டிவிட்டது, ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது சாரிட்டியின் வழக்கு. எஜமானர் நார்மன் புரூஸ் பக்கம் வக்காலத்துப் போட்டவர் ஸ்டீவன்ஸ். சட்டம் சொல்வது தொடர்ச்சியான ஆறு மாதம், விட்டு விட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது என்று வாதாடினார். 1821இல் நீதிமன்றம் அதை ஏற்றது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள்.

சட்டப்புத்தகத்தை மட்டும் பார்த்தால் கச்சிதமான வாதம். அதற்கப்புறம் அடிமை எஜமானர் எவருக்காகவும் அவர் அப்படி நின்றதாகத் தெரியவில்லை; இரண்டு வருடம் கழித்து ஜூலை 4 சுதந்திர தின விருந்தில், அடுத்த ஜனாதிபதி அடிமைக்கு விலங்கு பூட்டாத மனிதராக இருக்கட்டும் என்று கோப்பையை உயர்த்தினார். மனசாட்சி உறுத்தியதா, அரசியல் காற்று மாறியதா என்று இன்றும் எழுதித் தீரவில்லை. எதுவாயினும், "தொடர்ச்சியாக" என்ற ஒரு சொல் ஒரு தாயின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்பதை அவர் தன் கையாலேயே செய்து பார்த்தவர்.

ஏழைப் பட்டியல், இரட்டைப் பட்டியல்

1833இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தார். கட்சியின் பெயர் ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி. ரகசியச் சங்கங்கள் நாட்டை ஆள்கின்றன என்ற கோபத்தில் பிறந்து, பத்துப் பதினைந்து வருடத்தில் கரைந்துபோன கட்சி அது. அதைப் பற்றி இங்கே இதற்குமேல் வேண்டாம்.

பள்ளிக்கூடச் சட்டம் முக்கியம். 1809 முதல் பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைக்கு இலவசப் படிப்பு உண்டு. ஆனால் வரி மதிப்பிட வருபவரிடம் "எங்களால் கட்டணம் கட்ட முடியாது" என்று பெற்றோர் சொல்லி, பிள்ளையின் பெயரை ஏழைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பலர் அந்த அவமானத்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 1834 சட்டம் வரிப்பணத்தில் எல்லோருக்கும் பொதுப் பள்ளி என்றது. வரி என்றதும் ஊரெங்கும் எதிர்ப்பு. அடுத்த வருடமே மேலவை அதை ரத்து செய்ய வாக்களித்துவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று கீழவையில் ஸ்டீவன்ஸ் பேசினார். பழைய முறைக்கு ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடும் சட்டம் என்று பெயர் வைப்பதே பொருத்தம் என்றார். பிள்ளையே இல்லாதவன் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, அவனேதான் குற்றமே செய்யாமல் சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் வரி கட்டுகிறான் என்று பதில் சொன்னார். சட்டம் பிழைத்தது. பேச்சே வேலை செய்த இடம் அவர் வாழ்க்கையில் ஒன்று உண்டென்றால் இதுதான்.

மூன்று வருடம் கழித்து வந்தது பெரும் அடி. 1838 தேர்தலில் ஃபிலடெல்ஃபியா மாவட்டத்து அலுவலர்கள் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு முடிவுத்தாளை தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். எந்தத் தாளை ஏற்கிறார்களோ, அந்தக் கட்சிக்கு எட்டு இடம். எட்டு இடம் கிடைத்தால் சபையே அந்தக் கட்சிக்கு. முடிவுத்தாள்களைப் பெறும் மாநிலச் செயலர் தாமஸ் பரோஸ் ஸ்டீவன்ஸின் கூட்டாளி. அவர் தன் கூட்டணிக்குச் சாதகமான தாளை ஏற்றார்.

டிசம்பர் 4 அன்று சபை கூடியது. ஜனநாயகக் கட்சியினர் தங்கள் தாளை வாசித்தார்கள், ஸ்டீவன்ஸ் தரப்பினர் தங்கள் தாளை வாசித்தார்கள். ஒரே கூடத்தில் கன்னிங்ஹாம் என்று ஒரு சபாநாயகர், ஹாப்கின்ஸ் என்று இன்னொரு சபாநாயகர். அன்று பிற்பகல் மேலவைக்குள் கூட்டம் புகுந்து கூச்சலிட, ஸ்டீவன்ஸும் பரோஸும் மேலவைத் தலைவர் பென்ரோஸும் ஜன்னல் வழியாக வெளியே குதித்துத் தப்பினார்கள். ஆளுநர் படையைக் கூப்பிட்டார். வந்த வீரர்களிடம் இருந்த தோட்டாக்களில் பக்ஷாட் என்ற ஈயக்குண்டுகள் இருந்ததால், ஒரு குண்டும் வெடிக்காத அந்தச் சண்டைக்கு பக்ஷாட் போர் என்று பெயர் வந்தது. கடைசியில் இவர்கள் பக்கத்து உறுப்பினர்கள் மூன்று பேர் எதிர்முகாமுக்குப் போக, எல்லாம் முடிந்தது.

எங்கே தப்பு நடந்தது? பட்டியல் கையில் இருந்தது, ஆனால் பட்டியலை ஏற்றுக்கொள்ளும் ஆட்கள் உறுதியாக இல்லை. கூட்டாளியிடம் காகிதம் இருந்தால் போதும் என்று நினைத்தார். தன் பக்கத்து ஒவ்வொரு வாக்கையும் முன்கூட்டியே கட்டிவைக்கவில்லை. தேதியைக் கவனியுங்கள். 1865இல் மெக்ஃபர்சன் பெயர் வாசித்ததும் டிசம்பர் 4தான். நடுவில் 27 வருடம். இரண்டாவது முறை, சனிக்கிழமையே கட்சிக் கூட்டத்தை நடத்தி எல்லோரையும் கட்டிவைத்த பிறகுதான் திங்கட்கிழமை பட்டியல் வாசிக்கப்பட்டது.

லங்காஸ்டரும் தேசத்துரோக வழக்கும்

இரும்பு உலைத் தொழிலில் போட்ட பணம் கடனாக மாறியதால் 1842இல் ஸ்டீவன்ஸ் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். ஒரே வருடத்தில் அந்த ஊரிலேயே அதிகம் சம்பாதிக்கும் வழக்கறிஞர் ஆனார். கலப்பினத்தைச் சேர்ந்த விதவையான லிடியா ஹாமில்டன் ஸ்மித் அவர் வீட்டையும் சொத்தையும் கடைசி வரை நிர்வகித்தார். கல்யாணமே செய்துகொள்ளாத ஸ்டீவன்ஸையும் லிடியாவையும் சேர்த்து எதிரிகள் பேசாத பேச்சில்லை. இருவரும் பதில் சொல்லவில்லை.

1849இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக வாஷிங்டன் போனார். அடுத்த வருடம் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. அதன் கட்டண விகிதத்தைப் பார்த்தாலே சட்டத்தின் குணம் தெரிந்துவிடும்: விசாரிக்கும் அதிகாரி அந்த ஆளை எஜமானரிடம் ஒப்படைத்தால் அவருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். காரணம் கேட்டால், ஒப்படைக்கக் கூடுதல் எழுத்துவேலை என்று பதில்.

1851 செப்டம்பரில் லங்காஸ்டர் மாவட்டத்து கிறிஸ்டியானா கிராமத்தில் அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எஜமானர் கொல்லப்பட்டார். அரசாங்கம் கொலை வழக்கோடு நிற்காமல், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோக வழக்கே போட்டது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர். பிடிக்க உதவச் சொன்னபோது மறுத்தவர். ஸ்டீவன்ஸ் பிரதிவாதித் தரப்பில் இருந்தார், ஆனால் முன்வரிசையில் நிற்கவில்லை. அடிமை முறைக்கு எதிரி என்று ஊரறிந்த ஆள் வாதாடினால் ஜூரிக்குக் கசக்கும் என்று, முதன்மை வாதத்தை ஜான் ரீட் என்ற ஜனநாயகக் கட்சி வழக்கறிஞரிடம் விட்டார்கள். வாதம் எளிது: தேசத்துரோகம் என்றால் நாட்டின் மீது போர் தொடுப்பது, குதிரைமேல் உட்கார்ந்தபடி "உதவ மாட்டேன்" என்பது போர் அல்ல. ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை செய்தது. மற்ற வழக்குகளும் அதோடு நொறுங்கின.

பணம்

1859இல் குடியரசுக் கட்சி உறுப்பினராக அவர் மீண்டும் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வந்தார். போர் தொடங்கிய 1861இல் வழிவகைக் குழுவின் தலைவர் ஆனார். அப்போது வரி, கடன், செலவு மூன்றும் அந்த ஒரே குழுவின் கையில். 1862 பிப்ரவரி 25 சட்டத்தின்படி, தங்கத்தின் ஆதரவு இல்லாத 15 கோடி டாலர் காகிதப்பணம் அச்சானது. பின்பக்கம் பச்சை மையால் அச்சானதால் கிரீன்பேக். கொடுக்கிற கடனுக்கெல்லாம் அதை வாங்கியே ஆக வேண்டும் என்றது சட்டம். ஆனால் மேலவையான செனட் இரண்டு விலக்கு நுழைத்தது: சுங்க வரியும் அரசுப் பத்திர வட்டியும் நாணயத்தில்தான். சிப்பாய்க்குக் காகிதம், பத்திரம் வைத்திருப்பவருக்குத் தங்கம் என்று இரண்டு பணம் ஆகிவிடும் என ஸ்டீவன்ஸ் கத்தினார், வேறு வழியில்லாமல் ஏற்றார். 1864 ஜூலையில் ஒரு தங்க டாலருக்கு 2.85 காகித டாலர் கேட்டார்கள். விலக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. போர்ச் செய்தி மோசமானால் காகிதமும் இறங்கும்.

இதற்கிடையில், 1863 ஜூன் 26 அன்று தென்படைத் தளபதி ஜூபல் ஏர்லி அவருடைய கலிடோனியா இரும்பாலையை வேண்டுமென்றே எரித்தார். கெட்டிஸ்பர்க் போருக்கு ஐந்து நாள் முன்பு.

ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு

இப்போது முக்கியமான கணக்கு. 1787 அரசியலமைப்பில், மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடும்போது, அடிமைகள் ஐவரை மூவராக எண்ண வேண்டும். வாக்குரிமை இல்லாத மக்களைக் காட்டி எஜமானர்கள் கூடுதல் இடம் வாங்கும் ஏற்பாடு இது.

1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 39,53,760 பேர். அதில் ஐந்தில் மூன்று பங்கு சுமார் 23.7 லட்சம். 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் திருத்தம் சபையில் 119க்கு 56 என்று நிறைவேறியது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 175 பேரில் 117. இரண்டே வாக்கு மிச்சம். எட்டுப் பேர் அன்று வாக்களிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் எதிராக வாக்களித்திருந்தால் 183 பேரில் 122 தேவைப்பட்டிருக்கும், திருத்தம் தோற்றிருக்கும்.

சரி, அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்ததும் ஒரு விபரீதம்: ஐந்தில் மூன்று என்ற கணக்கும் ஒழிந்தது. விடுதலையானவர்கள் இனி முழு ஆட்கள். மீதி ஐந்தில் இரண்டு பங்கு, சுமார் 15.8 லட்சம் பேர், பிரதிநிதித்துவக் கணக்கில் கூடுவார்கள். அப்போது ஓர் இடத்துக்குச் சுமார் 1.27 லட்சம் மக்கள். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 12 இடம். ஆனால் தென் மாநிலங்கள் எதிலும் கறுப்பின மக்களுக்கு வாக்கு இல்லை. போரில் தோற்றவர்கள் போருக்கு முன்பிருந்ததைவிட அதிக இடங்களோடு திரும்பி வருவார்கள். தென் மாநிலங்களுக்கு 83 இடம் சேரும், வடக்கில் உள்ள ஜனநாயகக் கட்சியினரோடு கைகோத்தால் பெரும்பான்மை அவர்களுக்கே என்று 1865 டிசம்பர் 18 அன்று ஸ்டீவன்ஸ் சபையில் கணக்குப் போட்டுக் காட்டினார். டிசம்பர் 4 அன்று பெயர் விடுபட்டது ஏன் என்று இப்போது புரியும்.

அடுத்தது ஜனாதிபதியின் வீட்டோ, அதாவது மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம். அதை முறியடிக்க இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு வேண்டும். 1866 பிப்ரவரியில், விடுதலையானவர்களுக்கு உதவும் அலுவலகத்தை நீட்டிக்கும் மசோதாவை ஜான்சன் நிராகரித்தார். செனட்டில் 30க்கு 18. தேவை 32, இரண்டு குறைவு, மசோதா செத்தது. ஏப்ரல் 6 அன்று, அவர் நிராகரித்த குடிமை உரிமைகள் சட்டம், 33க்கு 15. இந்த முறை ஒன்று கூடுதல், பிழைத்தது. இடையில் நியூ ஜெர்சியின் எதிர்க்கட்சி செனட்டர் ஒருவரின் தேர்தல் செல்லாது என்று செனட் அவரை வெளியேற்றியிருந்தது. அழகான வேலை இல்லை. கணக்கு அப்படி இருந்தது.

இன்னொரு கணக்கையும் போடலாம். வெளியே நின்ற பதினொரு மாநிலங்களுக்கு 22 செனட்டர்கள். அவர்கள் உள்ளே இருந்து எல்லோரும் எதிராக வாக்களித்திருந்தால் அதே 33, எதிரே 37. மூன்றில் இரண்டு கிடக்கட்டும், சாதாரணப் பெரும்பான்மைகூட இருந்திருக்காது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதே சட்டம் எது என்பதைத் தீர்மானித்தது.

வாசலை எவ்வளவு நாள் மூடி வைப்பது? டிசம்பர் 4 அன்றே ஸ்டீவன்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தில் பிறந்த 15 பேர் கூட்டுக்குழு (பிரதிநிதிகள் சபை 9, செனட் 6) அதற்கான விடையாக 14ஆம் திருத்தத்தை எழுதியது. முதல் பிரிவு குடியுரிமையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும். சமமான பாதுகாப்பு என்ற வாசகம் ஒஹையோவின் ஜான் பிங்கமுடையது. இந்திய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவில் வரும் "சட்டங்களின் சமமான பாதுகாப்பு" என்ற தொடர் இதிலிருந்து எடுத்ததுதான். இரண்டுக்கும் 14 என்ற ஒரே எண் அமைந்தது தற்செயல். ஸ்டீவன்ஸுக்கு முதன்மையாகப் பட்டது இரண்டாம் பிரிவு. ஒரு மாநிலம் தன் வயதுவந்த ஆண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு வாக்கு மறுத்தால், அதன் பிரதிநிதித்துவக் கணக்கில் நூற்றுக்கு நாற்பது வெட்டு. வாக்குக் கொடு, அல்லது இடத்தை இழ. காகிதத்தில் அருமையான பொறி. நடைமுறையில் ஒரு முறைகூட எந்த மாநிலத்தின் இடமும் அப்படிக் குறைக்கப்படவில்லை. மறுக்கப்பட்டவர்களை எண்ணி, வெட்டை நிறைவேற்ற வேண்டிய காங்கிரஸுக்கே பின்னாளில் மனமில்லாமல் போனது. யாரும் இழுக்காத பொறி எலியைப் பிடிக்காது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர்கள், அரசியலமைப்பில் முதல்முறையாக "ஆண்" என்ற சொல்லை நுழைத்ததற்காக இதே பிரிவின்மீது கோபப்பட்டார்கள். நியாயமான கோபம்.

மசோதா செனட்டுக்குப் போய் நீர்த்துத் திரும்பியது. 1866 ஜூன் 13 அன்று ஸ்டீவன்ஸ் அதை ஏற்கச் சொல்லி, இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறேன் என்றால் நான் தேவதூதர்கள் நடுவே அல்ல, மனிதர்கள் நடுவே வாழ்கிறேன் என்றார். டென்னசி அதை ஏற்றதும் ஜூலையில் மேனார்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

தோற்ற கணக்கு

அவர் போட்டதிலேயே பெரிய கணக்கு நிலக் கணக்கு. 1865 செப்டம்பர் 6, லங்காஸ்டர் கூட்டத்தில் சொன்னது: தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரிடம் 39.4 கோடி ஏக்கர் இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்து, விடுதலையான வயதுவந்த ஆண்கள் பத்து லட்சம் பேருக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் ஆவது 4 கோடி ஏக்கர். மீதி 35.4 கோடியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். போர்க்கடனும் சிப்பாய்களின் ஓய்வூதியமும் தீரும். நிலமில்லாதவன் வாக்கைப் பழைய எஜமானர் மிரட்டி வாங்கிவிடுவார் என்பது அவர் வாதம்.

எண்கள் சரியாகத்தான் இருந்தன, வாக்குகள் இல்லை. அடிமை முறையை எதிர்த்த அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே சொத்துரிமை என்றதும் பின்வாங்கினார்கள். தெற்கின் கலகக்காரர்களுக்கு ஜான்சன் மன்னிப்புக் கொடுத்துக்கொண்டே போக, நிலமும் பழைய கைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 1867 மார்ச்சில் 40 ஏக்கரும் வீடு கட்ட 50 டாலரும் என்று மசோதாவாகக் கொண்டுவந்தார். அது வாக்கெடுப்புக்கே தேறவில்லை.

கடைசிச் சண்டை ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்குவதற்கான குற்றச்சாட்டு விசாரணை. 1868 பிப்ரவரி 24 அன்று பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்று குற்றம் சாட்டியது. ஸ்டீவன்ஸ் அப்போது நடக்க முடியாத நிலை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். பதினொன்றாவது குற்றச்சாட்டு அவர் முயற்சியில் சேர்ந்தது. மற்றவை தனித்தனிச் செயல்களைப் பற்றியவை. இது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியது. ஒன்றை ஏற்காதவர் இன்னொன்றுக்காவது வாக்களிப்பார் என்ற கணக்கு. அதனால்தான் மே 16 அன்று செனட்டில் அதையே முதலில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். குற்றவாளி என்றவர்கள் 35, இல்லை என்றவர்கள் 19. 54 பேரில் மூன்றில் இரண்டு 36. ஒரே வாக்குக் குறைவு.

1868 ஆகஸ்ட் 11 அன்று வாஷிங்டனில் இறந்தார். 14ஆம் திருத்தம் செல்லுபடியானதைப் பார்த்துவிட்டே போனார். ஜூலையில் அது நடந்திருந்தது. உடல் காங்கிரஸ் கட்டட வட்டக்கூடத்தில் வைக்கப்பட்டது. காவல் நின்றவர்கள் கறுப்பின வீரர்கள். லங்காஸ்டரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் இனம் பார்த்தே இடம் கொடுத்தன. அவர் எல்லோருக்கும் இடம் தந்த ஷ்ரைனர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, காரணத்தைக் கல்லில் எழுதச் சொல்லியிருந்தார்: தனிமையில் விருப்பத்தால் இங்கே வரவில்லை, மற்ற இடங்களின் விதிகள் இனம் பார்த்ததால் வந்தேன் என்று. உயிலில் லிடியா ஸ்மித்துக்கு மொத்தமாக 5,000 டாலர் அல்லது ஆயுளுக்கும் வருடம் 500 டாலர். மீதிப் பணத்தில் நிறம் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் அநாதைப் பிள்ளைகள் இல்லம். லங்காஸ்டரில் இன்று அவர் பெயரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரி அந்த உயிலிலிருந்து முளைத்தது.

அடுத்த தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் தேர்வு அதே மாதம் வந்தது. இறந்துபோனவர் என்று தெரிந்தே லங்காஸ்டர் குடியரசுக் கட்சியினர் பட்டியலில் ஸ்டீவன்ஸின் பெயரை வைத்து அவருக்கே வாக்களித்தார்கள். பிறகு காலியான இடத்துக்கு, அவரோடு சேர்ந்து வக்கீல் தொழில் செய்த ஆலிவர் டிக்கி போனார்.